சந்தனத்தில் ஒட்டிக்கொண்ட தாடை

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில், விலங்கியல் பகுதியில் எனக்கு அட்டெண்டர் உத்தியோகம். உத்தியோகம் என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். தவளை பிடித்து வருவது, கரப்பான் பூச்சியை டப்பாவில் அடைப்பது, மாணவர்கள் அறுத்துப் போட்டதைக் கூட்டி அள்ளுவது, ஸ்பிரிட்டில் மிதக்கிற பாம்பு ஜாடிகளைத் துடைத்து வைப்பது, இவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடத்துக்குள் நான் இருந்த நாட்களைவிட அதன் மதில்சுவரில் உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். ஆனாலும் காலேஜில் வேலை என்று கேட்டவுடன் பெண் கொடுத்துவிட்டார்கள். மருமகன் அங்கே பாடம் நடத்துகிறார் என்று என் மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. பெரியவர் மனம் நோகக் கூடாதல்லவா?

அந்தப் பகுதியில் ஒரு லெக்சரர் இருந்தார். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், என்றாலும் நான் அவருக்கு சார் சொல்ல வேண்டும், அவர் என்னை நீ என்று கூப்பிடலாம். கெட்ட மனிதர் இல்லை. காலையில் வந்து பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தாரென்றால், சாப்பாட்டு மணி அடித்ததை நான் போய்ச் சொன்னால்தான் தெரியும்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. மாத்திரை டப்பா அளவுதான். மேலே கண்ணாடி மூடி. உள்ளே ஒரு தக்கை, தக்கைமேல் சொட்டு மெழுகு, மெழுகில் பதிந்து ஒரு நெல்மணி நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று. அதைத் தன் பூதக்கண்ணாடியில் வைத்து நாலு மாதமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது நானும் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு தாடை எலும்புத் துண்டு. அதில் மூன்று பற்கள். முன்னால் ஒரே முனையோடு ஒரு பல். பின்னால் இரண்டு பற்கள், ஒவ்வொன்றிலும் மூன்று முனை.

“இன்னா சார் இது, பல்லி எலும்பா?”

“பல்லின்னு சொன்னா அதுக்குக் கோபம் வரும். அந்தக் காலத்துல பல்லி ஜாதிதான் உலகத்தையே ஆண்டுண்டு இருந்தது. நம்ம காலேஜ் கட்டடம் ஒசரத்துக்கு ஒவ்வொண்ணும். இது அதுகளுக்குப் பயந்துண்டு பொந்துல கிடந்த ஜந்து. மூஞ்சூறு மாதிரி இருந்திருக்கும். இருட்டினப்புறம் வெளியே வந்து பூச்சி பிடிச்சுத் திங்கும். உடம்பெல்லாம் ரோமம். குட்டிக்குப் பால் கொடுக்கும்.”

“பெரிசுங்க எல்லாம் இப்ப எங்க சார்?”

“போயே போச்சு. இந்தப் பொடிசுகள்ல சிலதுதான் தப்பிச்சுது. பசு, புலி, யானை, நீ, நான், எல்லாரும் அந்த வம்சந்தான்.”

“அப்ப இது நமக்குத் தாத்தாவா?”

சார் கொஞ்சம் யோசித்தார். படித்தவர் அல்லவா, கேள்வி யார் கேட்டாலும் சரியாகத்தான் பதில் சொல்வார். “இதேதான் தாத்தான்னு சொல்ல முடியாது. தாத்தாவோட பங்காளின்னு வெச்சுக்கோயேன்.”

“பங்காளின்னா பாகம் கேக்குமே சார்.”

அவர் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். அந்தத் துண்டு அவருடையது இல்லை. சீமையில் அவருக்குப் பாடம் சொன்ன ஒரு வெள்ளைக்காரக் கிழவருடையது. படம் போட்டுக்கொண்டு திருப்பித் தருகிறேன் என்று சார் கேட்டதும், கிழவர் கண்ணைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறார். விஜயதசமி அன்று சாயங்காலம் சாருடைய சிநேகிதர் ஒருவர் பம்பாய்க்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் போகிறார். அவர் கையில் டப்பாவைக் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு.

“இதை மட்டும் தொடாதே. மத்தது உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். இந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துல எங்கேயும் கிடையாது. போச்சுன்னா நான் அந்த மனுஷர் முகத்துல எப்படி முழிப்பேன்?” என்றார்.

சரி சார் என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. சார் முந்தின நாளே காஞ்சீபுரத்துக்குப் போய்விட்டார். மறுநாள் விஜயதசமி மத்தியானம் வந்து டப்பாவைக் கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. அறைச் சாவி ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். காலையில் நானும் கல்லூரித் தோட்டக்காரரும் அறையைக் கழுவிவிட்டு, பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பூதக்கண்ணாடிகள், கத்தரிகள், தவளை பிடிக்கும் வலை, மேஜை, நாற்காலி, கரும்பலகை. மூலையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மனித எலும்புக்கூட்டின் முன்னால்தான் கொஞ்சம் தகராறு. நாமம் போடலாம் என்றார் தோட்டக்காரர். பட்டைதான் என்றேன் நான். கடைசியில் வெறும் பொட்டோடு சமாதானம் ஆனோம். அது ஆணா பெண்ணா என்று தெரியாததால் குங்குமம் வைக்கிறபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

தோட்டக்காரர் மண்வெட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கிண்ணமும் கையுமாக நின்றேன். மேஜை இழுப்பறைக்குள் அந்த டப்பா இருந்தது.

அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன். அறையில் இருக்கிற ஸ்டூலுக்கெல்லாம் பொட்டு வைத்தாகிவிட்டது. இந்த அறைக்கு மட்டும் இல்லை, எலும்புக்கூட்டுக்கும் எனக்கும் சாருக்கும் சேர்த்து எல்லாருக்கும் மூத்தது இழுப்பறையில் கிடக்கிறது. கல்யாண வீட்டில் பந்தல்காரனுக்குச் சந்தனம் கொடுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரியவரை மறந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? அதுவும் பங்காளி வழியில் பெரியவர். தொடாதே என்றுதான் சார் சொன்னார். பொட்டு வைக்காதே என்று சொல்லவில்லை. தொடாமல் எப்படிப் பொட்டு வைப்பது என்று கேட்கிறவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள்.

டப்பாவைத் திறந்தேன். மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்தேன். நெல்லளவு பெரியவருக்கு நாலணா அளவுப் பொட்டு. வைத்தேன் என்பதைவிட மூடினேன் என்பதே சரி. மேலே ஒரு சிட்டிகை குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடியை மூடினேன். கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். எனக்கு அன்று தாராள மனசு.

வாசலில் நின்றிருந்த ரிக்‌ஷாக்காரர் தன் வண்டிக் கைப்பிடிக்கு ஒரு பொட்டு கேட்டார். வைத்தேன். எதிரே தையற்கடை. தைக்கிற பாய் எனக்கு ரொம்ப நாள் பழக்கம்.

“மிஷினுக்கு வெச்சுக்கோ. அதுவும் ஒழைக்குது, அதுக்கும் மரியாதை வேணும். எனக்கு வெச்சுடாதே, எங்க வீட்டம்மா தொடப்பக்கட்டையால பூஜை பண்ணுவா” என்றார். மிஷினுக்கு வைத்தேன். ஆழ்வார்பேட்டைக்குத் திரும்பும் மூலையில் எப்போதும் மீன் விற்கிற அம்மா, கூடையைக் காலி பண்ணிவிட்டு அருவாமனையைக் கழுவிக்கொண்டிருந்தார். “இன்னா நைனா, என் கத்திக்கு மட்டும் வெக்காம போய்க்கினு கீறியே, இது ஆயுதம் இல்லியா?” என்றார். அதற்கும் வைத்தேன். கடைசிச் சொட்டை என் நெற்றியில் இழுத்துவிட்டு, கிண்ணத்தை வழித்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு சின்னப் பயம் வந்தது. சந்தனம் காய்ந்துவிட்டால் பிடித்துக்கொள்ளுமே, சார் வந்து பார்த்தால் திட்டுவாரே, ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுவோம் என்று டப்பாவைத் திறந்தேன். சின்னத் தூரிகையைத் தண்ணீரில் தொட்டுக் குங்குமத்தை எடுத்தேன். சந்தனத்தை எடுத்தேன். கீழே மெழுகு இருந்தது. மெழுகில் பல் பதிந்த தடம் இருந்தது. பெரியவர் இல்லை.

மேஜை, தரை, இழுப்பறை, என் வேட்டி மடிப்பு எல்லாம் தேடினேன். அப்புறம்தான் விளங்கியது. பொட்டு வைத்த விரலோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த விரலைத்தான் திரும்பவும் கிண்ணத்தில் விட்டேன். கண்ணாடியில் பார்த்து என் நெற்றியைச் சுரண்டினேன். இல்லை. கிண்ணத்தில் இல்லை. அப்படியென்றால் அதற்குப் பிறகு வைத்த மூன்று பொட்டில் ஒன்றில் இருக்க வேண்டும்: ரிக்‌ஷா, மிஷின், அருவாமனை. வெளியே பார்த்தேன். கடல் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை போதும், தெருவில் இருக்கிற பொட்டெல்லாம் சாக்கடைக்குப் போக.

ஓடினேன். முதலில் பாய். மிஷினில் பொட்டு இல்லை.

“பாய், பொட்டு எங்க?”

“தொடச்சுட்டேன்பா. ஒருத்தர் வெள்ளை ஜிப்பா குடுத்துக்கீறாரு, அதுல பட்டா எவன் பேச்சு கேக்கறது?”

“எதால தொடச்சீங்க?”

பாய் ஒரு எண்ணெய்த் துணியை நீட்டினார். நான் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிரித்து, மூக்குக்குக் கிட்டே வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன்.

“அரே, இன்னாத்துக்குத் துணியை மோந்துக்கினு கீறே? பசியா?”

“எலும்பு பாய். பல்லோட எலும்பு.”

“யாருது?”

“நம்ம எல்லாருக்கும் பெரியவருது.”

பாய் மிஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். துணியில் சந்தனம்தான் இருந்தது. மிஷினின் அடியிலும் பார்த்துவிட்டு, வெட்டுத் துணிக் குப்பையையும் கலைத்துவிட்டுக் கிளம்பினேன். “காய்ச்சல் இருந்தா வீட்ல போய்ப் படுத்துக்கோ” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ரிக்‌ஷா தியாகராய நகருக்குச் சவாரி போயிருப்பதாக வாசலில் சொன்னார்கள். ஆழ்வார்பேட்டை வழியாக, தேனாம்பேட்டை தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனேன். மூலையில் மீன்கார அம்மா உட்காரும் இடம் காலியாக இருந்ததைப் போகிறபோதே பார்த்தேன். அது மனசில் ஒரு முள். தியாகராய நகர் பார்க் பக்கம் போய்ச் சேர்கிறபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கடையின் தாழ்வாரத்துக்குக் கீழே வண்டியை இழுத்துவிட்டு ரிக்‌ஷாக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் பொட்டு இருந்தது. பொட்டின் நடுவே மேடாக ஏதோ இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சாமி, நல்லா இருப்பீங்க” என்று ரிக்‌ஷாக்காரர் காலைத் தொடப் போனேன். அவர் பயந்து பின்வாங்கினார். நகத்தால் மெல்ல நெம்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பொரி. யாரோ பொரி கொடுத்தபோது ஒட்டியிருக்கிறது.

“இன்னாபா அது?”

“பொரி.”

“ஒரு பொரிக்கா மைலாப்பூர்லேருந்து ஓடியாந்தே? கேட்டா ஒரு கை நெறயக் குடுத்திருப்பேனே.”

நான் அந்தப் பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது? அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மிச்சம் இருப்பது அருவாமனை ஒன்றுதான். அந்த அம்மா அடையாற்றுக்கு அப்பால் ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறவர் என்று தெரியும். மழை விட்டபோது ஆற்றுப் பாலத்துப் பக்கம் வண்டி எதுவும் இல்லை, இருட்டவும் ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குப் போனேன். பூஜை அன்றும் பாடம் நடத்திவிட்டு வந்த களைப்பு என்று எங்களோடு இருந்த மாமனார் நினைத்திருப்பார்.

விடிந்ததும் கிளம்பினேன். பாலத்தைத் தாண்டி, அடையாறு தோப்புகளுக்கு நடுவே நடந்து, குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மீன்கார அம்மா குடிசைக்கு வெளியே உட்கார்ந்து ஈர வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அருவாமனை இருந்தது. பளபளவென்று தேய்த்து வைத்திருந்தது. பொட்டின் நிழல்கூட இல்லை.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து நின்றார். “வா, வா. உன்னைத்தான் தேடிக்கினு வரணும்னு இருந்தேன். என் கத்தியில இன்னாய்யா வெச்சே?”

“சந்தனம்மா.”

“சந்தனத்துக்குள்ள?”

என் உயிர் திரும்பி வந்தது. “கெடச்சுதாம்மா? ஒரு எலும்பு, இத்தினியூண்டு…”

“அப்ப நீதான் வெச்சிக்கீறே! அடப்பாவி! நல்ல நாள்ல, தொழில் பண்ற கத்தியில, பொட்டுக்குள்ள எலும்பு வெச்சு அனுப்பிச்சா அது இன்னா? சூனியந்தானே? யார் சொல்லி வெச்சே? அந்தப் பக்கத்துக் கூடைக்காரியா?”

“ஐயோ, இல்லம்மா! மீன் முள்ளுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டிருக்கலாமே, இதுக்குப் போய்…”

“மீன் முள்ளா? எனக்கா?” அந்த அம்மாவுக்கு அதுதான் ரொம்பக் கோபம். “பொறந்ததுலேருந்து மீனோட கீறேன். வாளைக்குப் பல்லு பாத்துக்கீறேன், சுறாவுக்குப் பாத்துக்கீறேன். வரிசையா எல்லாம் ஒரே மாதிரி ஊசியாட்டம் இருக்கும். இதுல முன்னால ஒரு பல்லு ஒரு தினுசு, பின்னால ரெண்டு பல்லு வேற தினுசு. மென்னு திங்கிற பல்லு. மீனுக்கு ஏதுய்யா கடவாப்பல்லு? மீன் முள்ளா இருந்தா நான் ஏன் பயப்படறேன்? இது மீனும் இல்ல, பல்லியும் இல்ல. ஏதோ குட்டி போடற ஜாதி. அதுவும் கல்லு மாதிரி கீது. அதான் சூனியம்னு தெரிஞ்சுது.”

சார் நாலு மாதம் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னதை இந்த அம்மா அருவாமனையில் பார்த்துச் சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. “இப்ப எங்கம்மா அது?” என்றேன்.

“கடல்ல. சூனியத்தை ஆழத்துல போட்டாதான் திரும்பி வராது. இன்னிக்கு எம் புருசன்கிட்ட குடுத்து, அலையைத் தாண்டி அப்பால போய்ப் போட்டுடுன்னு அனுப்பிச்சேன்.”

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கல்லாகிக் கிடந்து, கப்பலேறி, பூதக்கண்ணாடியில் நாலு மாதம் படுத்திருந்து, கடைசியில் என் விரலில் ஒட்டி, கடலுக்குப் போய்விட்டது. சார் அந்தக் கிழவருக்கு என்ன எழுதுவார்? எங்கள் அட்டெண்டர் பொட்டு வைத்துத் தொலைத்துவிட்டார் என்றா? எனக்கு வேலை போவதைப் பற்றி அப்போது கவலை வரவில்லை, சத்தியமாக. சார் அந்த அறையில் தலை குனிந்து நிற்கிற மாதிரிதான் கண்ணில் வந்துகொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “சூனியம் இல்லியா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய பல்லிகள், பொந்து, ரோமம், இருட்டில் பூச்சி பிடிப்பது, யானையும் நாமும் அந்த வம்சம் என்பது. சார் சொன்னதைப் பாதி மறந்திருந்தேன். மறந்த இடத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

“பால் குடுக்குமா? அத்தினிக்கூண்டு உடம்புல?” என்று அந்த அம்மா கேட்டார்.

“குடுக்குமாம்.”

“எத்தினி குட்டி போட்டிச்சோ” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வலையைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

கட்டுமரம் கரை வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மழைக்குப் பிறகு அலை பெரிதாக இருந்ததால் மரத்தைத் தள்ளி ஏற்ற நேரமாயிற்று. வலை நிறையக் கானாங்கத்தை மீன். அந்த அம்மாவின் புருஷர் ஈரமும் சிரிப்புமாக வந்தார். இந்த அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார்.

“யோவ், அதைப் போட்டியா?”

“எதை?”

“நான் குடுத்தேனே, அது!”

“எங்கடி போடறது? வலையை விட்டதும் கொத்துக் கொத்தா ஏறுது. ரெண்டு கை பத்தல. அந்த நெனப்பே இல்ல.” அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். மடியிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். ஈர வெற்றிலைச் சுருள். அதற்குள் பெரியவர், மூன்று பல்லும் அப்படியே, சந்தனத்தில் பாதி முகம் புதைந்து.

நான் கும்பிட்டுவிட்டு, “குடுங்கண்ணே” என்று கையை நீட்டினேன். அண்ணன் சுருளை மூடிக்கொண்டார்.

“இரு, இரு. இது யாரு இந்த ஆளு?”

“அது அவங்க காலேஜுதாம். சூனியம் இல்லியாம்.”

“சூனியமா? போடி. பத்து நாளா வெறுங்கையோட வந்துக்கினு இருந்தேன். இது மடியில இருந்த அன்னிக்குத்தான் இம்மாம் மீனு. நான் குடுக்க மாட்டேன்.”

அந்த அம்மாவும் வலையைத் திரும்பிப் பார்த்தார். துள்ளுகிற மீனைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “அதுவும் சரிதான், நைனா” என்றார். நேற்று சூனியம், இன்று லட்சுமி. நடுவில் நான்.

கெஞ்சினேன். பிள்ளைகுட்டி மேல் சத்தியம் செய்தேன். எனக்கு அப்போது பிள்ளைகுட்டி கிடையாது. அண்ணன் அசையவில்லை. வேறொரு எலும்பு கொண்டுவந்து தருகிறேன், காலேஜில் ஆள் உயரத்துக்கு ஒன்று தொங்குகிறது என்றுகூடச் சொன்னேன். அந்த அம்மாதான் கடைசியில் கேட்டார்.

“இது உன்னுதா?”

“என்னுது இல்லம்மா.”

“அப்ப உங்க சாருதா?”

“அவருதும் இல்ல. அவரே இரவல் வாங்கிக்கினு வந்ததுதான். சீமையில ஒரு கிழவருது. இன்னிக்குத் திருப்பித் தர்றேன்னு வாக்குக் குடுத்துக்கீறார்.”

“இரவலா?” அந்த அம்மாவின் குரல் மாறிவிட்டது. புருஷர் பக்கம் திரும்பினார். “யோவ், இரவல் பொருளாம்யா. குடுத்துடு.”

“ஏண்டி, இத்தினி மீனு…”

“இத்தினி மீனு! போன மாசம் நம்ம தொடுப்பை எரவல் வாங்கிக்கினு போய் ஒருத்தன் ரெண்டு நாள் குடுக்காம வெச்சிக்கினானே, நீ அவன் வீட்டு வாசல்ல நின்னு இன்னா பேசுனே? கெழவன் அங்க வழியைப் பாத்துக்கினு கீறான். குடு.”

துடுப்பைத்தான் அவர்கள் தொடுப்பு என்பார்கள். அந்தக் கேள்வி அண்ணனுக்குப் பட்டுவிட்டது. சுருளை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கினார். “மீனு குறைஞ்சா ஒன்னியத்தான் வந்து கேப்பேன்” என்றார்.

பாலத்தைத் தாண்டி மயிலாப்பூர் வரைக்கும் அந்தக் கையை நான் திறக்கவே இல்லை. எதிரே வந்த தெரிந்தவர்களுக்கு இடது கையால் வணக்கம் சொன்னேன். அவர்கள் என்ன நினைத்தார்களோ!

அறைக் கதவு திறந்திருந்தது. சார் எனக்கு முன்னால் வந்துவிட்டார். காஞ்சீபுரத்துப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. மேஜையில் டப்பா திறந்து கிடந்தது. எதிரே அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்றுப்போன மாணவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

வெற்றிலைச் சுருளை அவர் முன்னால் வைத்துப் பிரித்தேன்.

அவர் மூச்சு விடாமல் அதை இடுக்கியால் எடுத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் கண்ணைப் பொருத்தினார். எவ்வளவு நேரமோ. தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிச் சத்தமும் எனக்குக் கேட்டது.

“மூணும் இருக்கு” என்றார். “விரிசல் இல்லை. மூணும் இருக்கு.” நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கைச் சுளித்தார்.

“இதென்ன வாசனை?”

“கானாங்கத்தை சார்.”

“பல் இடுக்குல மஞ்சளா இருக்கே, அது?”

“சந்தனம் சார்.”

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? கிண்ணத்திலிருந்து கட்டுமரம் வரைக்கும் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை அவருக்குக் கோபம் வந்து எழுந்து நின்றார். இரண்டு தடவையும் அடுத்த வாக்கியத்தைக் கேட்பதற்காக உட்கார்ந்தார். அந்த அம்மா கடைவாய்ப்பல்லைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும், “நிறுத்து. அதைத் திரும்பச் சொல்லு” என்றார். சொன்னேன். மீனுக்கெல்லாம் ஒரே மாதிரி, இதில் முன்னே வேறு, பின்னே வேறு, மென்று தின்கிற பல்.

“இதைத்தான் வருஷம் பூரா பசங்களுக்குச் சொல்லிண்டிருக்கேன். ஒருத்தனுக்கும் ஏற மாட்டேங்கிறது” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத சிரிப்பு. நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

தூரிகையாலும் தண்ணீராலும் சந்தனத்தை எடுத்தார். ஒரே ஒரு பல் அடியில் துளி மஞ்சள் மட்டும் வர மறுத்தது. கிழவருக்கு எழுதிய கடிதத்தில் அதையும் சொல்லிவிட்டார். பொய் எழுத அவருக்கு மனசு வரவில்லை. “நீ ஏன் வெச்சேன்னு எழுதறது?” என்று கேட்டார். “பெரியவங்களுக்கு மரியாதைன்னு எழுதுங்க சார்” என்றேன். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அதைத்தான் எழுதியிருப்பார் போலிருக்கிறது. வரி நீளமாக இருந்தது.

புது மெழுகு, புதுப் பஞ்சு, டப்பாவுக்கு மேல் டப்பா. சிநேகிதர் ஜட்காவில் வந்து வாங்கிக்கொண்டார். ஜட்கா திரும்புகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். சார் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

நான் தெருவைக் கடந்து பாய் கடை பெஞ்சில் போய் விழுந்தேன்.

“கெடச்சுதா, பெரியவர் எலும்பு?” என்றார் பாய், ஊசியில் நூல் கோத்தபடி.

“கெடச்சுது பாய்.”

“எங்க?”

“கடல்ல.”

“காய்ச்சல் இன்னும் எறங்கலை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எனக்கு ஒரு டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது தெரியும். குடித்தது நினைவில் இல்லை. கிளாஸைக் கையில் பிடித்தபடியே பெஞ்சில் தூங்கிப்போனேனாம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லையாம். பாய் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.